முகாரி கேட்டால் இப்போது அழுகை வருவதில்லை. வயலின் கற்றுக்கொண்டதுதான் காரணமா?

கேள்வி: ஸ்ரீரங்கத்து வயலின்

எல்லோருக்கும் வணக்கம். இது ராகம் பற்றிய சந்தேகமா, மனசு பற்றிய சந்தேகமா என்று பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 49 வயது. வீட்டில் யாரும் முறையாகப் பாட்டுக் கற்றவர்கள் இல்லை. அப்பாவுக்குக் கேட்கிற பழக்கம் மட்டும் உண்டு. காலையில் திருச்சி வானொலியில் ஆலாபனை ஏதாவது (பாட்டும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பது) ஆரம்பித்துவிட்டால், ஷேவிங் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்பவர், கன்னத்தில் நுரை காய்கிற வரை அப்படியே நின்றுவிடுவார். ராகத்தின் பெயர் பாதி நேரம் தெரியாது. "இது நம்ம ஆளு" என்பார், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு கேசட் இருந்தது. ஏதோ ஒரு கோயில் கச்சேரியில் நண்பர் ஒருவர் டேப்பில் பிடித்துக் கொடுத்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் வயலினில் முகாரி ஆலாபனை, 11 நிமிடம். நடுவில் யாரோ இருமுவார்கள். தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடிக்கும். எட்டாவது நிமிடம் வாக்கில் வில் மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ‘ச’வில், போய் நிற்கும். வெகுநேரம் நிற்கும். அப்புறம் அங்கேயிருந்து அவசரமே இல்லாமல் இறங்கும். அந்த இறக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். பத்து வயதிலும் அடைத்தது, கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அடைத்தது. 2017இல் அப்பா போன பிறகு அதைப் பென் டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டேன். அழுகை வர வேண்டும் என்பதற்காகவே அந்த எட்டாவது நிமிடத்துக்கு நேராகப் போய்க் கேட்ட நாட்கள் நிறைய.

அடுத்த வருஷம் வயலின் வகுப்பில் சேர்ந்தேன். சம்மணம் போட்டு, வயலினின் சுருளை வலது கணுக்காலில் நிறுத்தி உட்காரவே இரண்டு மாதம் ஆனது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்று எல்லோரும் போகிற வழியில்தான் போனேன். பைரவி அட தாள வர்ணம் மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது. போன ஆடியில் டீச்சர் முகாரியில் ஒரு கிருதி ஆரம்பித்தார்.

அப்பாவின் திதி ஐப்பசியில் வரும். அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு அந்தப் பதிவைப் போட்டேன். மேல் ஷட்ஜம் வந்தது. இறக்கமும் வந்தது. அந்த நேரம் என் தலைக்குள் ஓடியதை அப்படியே சொல்கிறேன்: நிஷாதம், இப்போது சுத்த தைவதம், அதைப் பஞ்சமத்திலிருந்து தொட்டு அசைக்கிறார், இன்னும் வில்லைத் திருப்பவில்லை, ஒரே வில்லில் நாலு ஸ்வரம் வந்துவிட்டது, எந்த விரலில் நிற்கிறார்? அதற்குள் முடிந்துவிட்டது. கண் காய்ந்தே இருந்தது. திரும்பப் போட்டேன். அப்போதும் அப்படித்தான். மூன்றாம் தடவை கேட்டபோது டேப் ஓட்டத்தில் சுருதி ஒரு நூல் இறங்கியிருப்பது காதில் விழுந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அப்பாவுக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டது போலிருந்தது. விடியும் வரை தூக்கமில்லை.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. தை மாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஒரு கச்சேரியில் பாடகர் கல்யாணி ராகத்தில் ஒரு பிடியை, அதாவது ராகத்தைக் காட்டுகிற ஒரு சிறு ஸ்வரக் கோவையை, பாதியிலேயே விட்டு நிறுத்தினார். பக்கவாத்தியக்காரர் வில்லின் நுனியால், காதில் சொல்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக, மிச்சத்தை வாசித்து முடித்தார். நான்கு ஸ்வரம் இருக்குமா? எனக்குப் பொலபொலவென்று கண்ணீர். கல்யாணி அழுகிற ராகமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, "யாராவது ஞாபகம் வந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த இடம் என் காதில் விழுந்திருக்கவே செய்யாது.

என் கேள்வி இதுதான். பயிற்சி நம் உணர்ச்சியைக் குறைக்கிறதா, இல்லை வேறு இடத்துக்கு மாற்றுகிறதா? போனது திரும்பி வருமா? அப்புறம் இன்னொன்று. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஏதாவது சிணுங்கினால் அம்மா "காலங்காத்தால முகாரி பாடாதே" என்பாள். அந்த ராகத்தைக் கேட்பதற்கு முன்பே முகாரி என்றால் அழுகை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் நான் இத்தனை வருஷம் அழுதது அந்த வயலினுக்கா, அம்மா சொன்ன சொல்லுக்கா?

பதில்: குடந்தை வாய்ப்பாட்டு

அன்புள்ள சகோதரிக்கு, கும்பகோணத்தில் 31 வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கவலைப்படாதீர்கள். இந்தக் கட்டத்தை என்னிடம் கற்றவர்களில் மனசு வைத்துக் கற்ற எல்லோரும் கடந்திருக்கிறார்கள், நானும் கடந்திருக்கிறேன்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையைப் பாருங்கள். "ப...ட்...டு, பட்டு" என்று விரல் வைத்துப் படிக்கும். வரி முடிந்ததும் "என்ன கதை?" என்று கேட்டால் தெரியாது. அதே கதையைப் போன வருஷம் பாட்டி சொல்லக் கேட்டு அதே குழந்தை அழுதிருக்கும். இரண்டு வருஷம் போனால் எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், கதை மட்டும் தெரியும். நீங்கள் முகாரியை இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிறீர்கள், கற்க ஆரம்பித்து ஆறு மாதம்கூட முழுசாக ஆகாத ராகத்தில். கல்யாணி உங்களுக்குக் கீதத்திலிருந்தே பழக்கமாகியிருக்கும். அதில் எழுத்துக் கரைந்துவிட்டது. திருவையாற்றில் உங்களை அழ வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

முகாரி சோகம் என்பதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. தியாகராஜர் முகாரியில் செய்த "எந்தனினே வர்ணிந்துனு" கிருதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சபரியின் பாக்கியத்தை என்னவென்று வர்ணிப்பேன் என்கிற பாட்டு. ராமனைக் கண்ணாரக் கண்டு, ருசியான பழங்களைக் கொடுத்து, உடம்பு சிலிர்க்க அவன் காலில் விழுந்தவளின் கதை. அதில் எங்கே ஒப்பாரி இருக்கிறது? அதே முகாரியில் "காருபாரு" என்று ஒரு கிருதி, ராமனைப் போல அயோத்தியை ஆண்டவர் உண்டா என்று கொண்டாடுகிறது.

14 வயதுப் பெண் ஒருத்திக்கு இந்தச் சபரி கிருதியைச் சொல்லிக்கொடுத்தேன். முகாரி என்று சொன்னதுமே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலை உடைத்துப் பாடினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே செய்தாள். இரண்டு வாரம் விட்டுப் பிடித்தேன். அப்புறம் சாகித்தியத்துக்கு, அதாவது பாட்டின் சொற்களுக்கு, வரி வரியாக அர்த்தம் சொன்னேன். "பாட்டி, அப்போ அவளுக்கு ரொம்ப நாளா காத்திருந்தது கிடைச்சிடுச்சா?" என்று கேட்டாள். அன்று அவள் பாடியதில் ஒரு ஸ்வரம் மாறவில்லை, ஸ்வரத்தை அசைக்கிற ஒரு கமகம் மாறவில்லை. பாட்டின் வேகம்கூட அதேதான். ஆனால் சரணத்தில் குரல் உடைகிற இடங்களில் உடையவில்லை, நிறைந்து நின்றது. எனக்குத்தான் பேச வரவில்லை.

ஒன்று செய்து பாருங்கள். பைரவி வர்ணம் வாசிக்கிறீர்களே. பைரவிக்கும் முகாரிக்கும் ஏறுவது வேறு, ஆனால் இறங்கும்போது இரண்டுக்கும் ச நி த ப ம க ரி ச தான். தைவதமும், அதாவது அந்த ‘த’வும், அதே சுத்த தைவதம்தான். பைரவியை யாரும் அழுகை ராகம் என்று சொல்வதில்லை. அப்படியானால் அழுகை ஸ்வரத்தில் இல்லை. எதைத் தொட்டு எதற்குப் போகிறோம், எங்கே நின்று எங்கே நிற்காமல் போகிறோம் என்பதில் இருக்கிறது. அந்த அழுகையில் மீதிப் பாதியை நீங்கள் கேட்டு வளர்ந்த வீடு கொண்டுவந்து சேர்த்தது. எங்கள் தலைமுறையில் வராளி ராகத்தைக் குரு நேராகச் சொல்லிக்கொடுத்தால் குரு சிஷ்ய உறவு முறிந்துபோகும் என்று நம்புவார்கள். இன்றும் வராளி பாட உட்கார்ந்தால் எனக்கு ஒரு படபடப்பு வரும். அது ஸ்வரத்திலிருந்து வருவதில்லை, என் குரு அதைச் சொன்ன முகத்திலிருந்து வருகிறது.

பதில்: பாளை டெனர்

அக்கா, நான் பாளையங்கோட்டை. சர்ச் குவையரில் 12 வயதிலிருந்து பாடுகிறேன், கீபோர்டும் வாசிப்பேன். எனக்குக் கர்னாடக சங்கீதம் தெரியாது, என் மனைவி முறையாகக் கற்றவள். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

புனித வெள்ளி ஆராதனைக்கு மைனரில் ஒரு கீர்த்தனை பயிற்சி செய்துகொண்டிருந்தோம். மேற்கத்திய இசையில் மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று பொதுவாகச் சொல்வார்கள்; பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்ட். மைனர் கார்ட் விழுந்தாலே எனக்கு மனசு கனத்துவிடும், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். மனைவி சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு, "நடபைரவி ராகம் மாதிரி இருக்கு, கம்பீரமா இருக்கு" என்றாள். கம்பீரம்! நான் அழுகிற பாட்டு அது.

அந்தப் பாட்டின் கடைசிக் கார்ட் மட்டும் மேஜராக முடியும். இருட்டறையில் ஜன்னல் திறந்தது மாதிரி, ஒவ்வொரு வருஷமும் எனக்கு அந்த இடத்தில் கை மயிர் நிற்கும். அவள் அதே இடத்தில் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து, "கடைசியில காந்தாரம் மாறிப்போச்சே, தப்பா வாசிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் காதுக்கு அது அந்நிய ஸ்வரம், அந்த ராகத்தில் இல்லாதது. எனக்கு உயிர்த்தெழுதல். இரண்டு பேருக்கும் காது நல்ல காதுதான், இரண்டும் பயின்ற காதுதான். அதனால் பயிற்சி உணர்ச்சியைக் கூட்டுமா குறைக்குமா என்று கேட்டால், எந்தப் பயிற்சி என்று முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

பதில்: கோவை உளவியல்

மேடம், நான் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். இசையும் உணர்ச்சியும் பற்றிய ஆராய்ச்சிகளைப் பல வருஷமாக ஆசையோடு படித்துவருகிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. இது சோகமான இசை என்று கண்டுகொள்வது ஒன்று. நமக்கே சோகம் வருவது இன்னொன்று. அந்த இரவு உங்களுக்கு முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

கண்டுகொள்வதற்குப் பயிற்சி எவ்வளவு தேவை? நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1999இல் கனடாவில் பால்க்வில், தாம்சன் என்ற இருவர், இந்துஸ்தானி இசை பழக்கமே இல்லாத 30 பேருக்கு ராகங்களைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அவர்கள் கண்டுகொண்டார்கள். வேகம், மெட்டு எவ்வளவு நேராகப் போகிறது அல்லது சுற்றிச் சுற்றிப் போகிறது என்பதையெல்லாம் வைத்தே பிடித்துவிட்டார்கள். சாந்தம் மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நான் அதை நினைத்து நினைத்துப் பார்ப்பேன், சாந்தத்தைக் கேட்கத்தான் உள்ளேயே வாழ்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. 2009இல் கேமரூன் நாட்டின் வடக்கே மலைப்பகுதியில் வாழும் மாஃபா மக்களிடம் ஃப்ரிட்ஸ் என்பவரின் குழு மேற்கத்திய இசையைப் போட்டுக் காட்டியபோதும், மகிழ்ச்சி, சோகம், பயம் மூன்றையும் அவர்கள் ஓரளவு பிரித்துச் சொன்னார்கள்.

ஆனால் நண்பர் சொன்ன மேஜர், மைனர் விவகாரம் அப்படி இல்லை. டல்லா பெல்லாவும் உடனிருந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகள் பாட்டின் வேகத்தை வைத்துத்தான் சந்தோஷமா சோகமா என்று சொன்னார்கள். ஆறு வயதுக்கு மேல்தான் மேஜரா மைனரா என்பதும் கணக்கில் வந்தது. அதாவது அது வளர வளரக் காதில் ஏறுகிற பாடம். வகுப்புக்குப் போகாமலே ஏறுகிறது. நம்மிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு அருமையான சொல் இருக்கிறது, கேள்வி ஞானம். 2005இல் பிரான்சில் பிகாண்ட் குழு 27 இசைத் துணுக்குகளைக் கொடுத்து, ஒரே மாதிரி உணர்வு தருபவற்றைச் சேர்த்து அடுக்கச் சொன்னது. இசை கற்றவர்களும் கல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அடுக்கினார்கள். உங்கள் அப்பா "நம்ம ஆளு" என்று சொன்னாரே, அவரை எந்த ஆய்விலும் பயிற்சி இல்லாதவர் என்ற வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வகுப்பில் நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு ஷெனாய்ப் பதிவைப் போட்டுவிட்டு என்ன தோன்றுகிறது என்று எழுதச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் "சாவு வீடு" என்று எழுதுவார்கள். நம் சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. தலைவர்கள் இறந்தால் வானொலியும் அப்படித்தான். 1984இல் இந்திரா காந்தி இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு, தெருவெல்லாம் அந்தச் சத்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் பீகாரிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். தயங்கித் தயங்கித் தாளை நீட்டினான். "அக்கா கல்யாணம்" என்று எழுதியிருந்தான். அவன் ஊரில் ஷெனாய், நமக்கு நாதஸ்வரம் எப்படியோ அப்படி.

உணர்ச்சி குறைகிறதா என்பதற்கு வருகிறேன். 2001இல் கனடாவின் மான்ட்ரியலில் பிளட், ஸடோரே இருவரும் இசை கேட்டுச் சிலிர்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பத்துப் பேரும் குறைந்தது எட்டு வருஷம் இசை பயின்றவர்கள். தாங்களே தேர்ந்தெடுத்து வந்த இசைக்கு அவர்கள் நன்றாகவே சிலிர்த்தார்கள். நல்ல சாப்பாடு கொடுக்கிற மகிழ்ச்சியில் விழிக்கிற இடங்கள் மூளையில் விழித்தன. ஆகவே பயிற்சி சிலிர்ப்பைக் கொன்றுவிடுகிறது என்று சொல்ல முடியாது.

பேச்சில் உள்ள உணர்ச்சியைக் கண்டுகொள்ள இசைப் பயிற்சி உதவுமா என்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. ஒரு வருஷம் கீபோர்டு கற்ற ஆறு வயதுப் பிள்ளைகள், பேசுகிறவரின் குரலில் உள்ள கோபத்தையும் பயத்தையும் மற்றவர்களைவிட நன்றாகப் பிரித்தார்கள் என்று 2004இல் ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் அதே ஆய்வில் நாடகம் பயின்ற பிள்ளைகளும் அதே அளவுக்கு நன்றாகச் செய்தார்கள். 2008இல் வந்த இன்னொரு ஆய்வு, இசைப் பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, உணர்ச்சிகளைப் புரிந்து கையாளுகிற திறன்தான் காரணம் என்றது. எனக்கு இரண்டாவது பக்கம்தான் மனம் சாய்கிறது.

ஸ்ரீரங்கத்து வயலின்

எல்லோருக்கும் நன்றி. எழுத்துக்கூட்டும் குழந்தை என்று கும்பகோணத்து டீச்சர் சொன்னதை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். பைரவியில் இறங்கி, அப்புறம் முகாரியில் இறங்கி, மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தேன். முதலில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. என் விரல் இரண்டையும் பைரவியாகத்தான் வாசித்தது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. கண்டுகொள்வது வேறு, உணர்வது வேறு என்கிறீர்கள், சரி. எனக்கு இப்போது முன்னைவிட நன்றாகக் கண்டுகொள்ள முடிகிறது. அந்தக் கண்டுகொள்வதே உணர்வுக்குக் குறுக்கே வந்து நிற்கிறதே, அதை என்ன செய்வது?

பதில்: அப்பத்தா பேத்தி

அக்கா, எனக்கு ராகம், ஸ்வரம் எதுவும் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் அப்பத்தா சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரி வைக்கக் கூப்பிடுகிற ஆள். குறுக்கே வந்து நிற்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவர் நினைப்புத்தான் வந்தது.

அப்பத்தா ஒரு வீட்டுக்குள் போனால், சும்மா உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் கால் நாழிகையில் தோளோடு தோள் கட்டிக்கொண்டு கதறுவார்கள். அவர் கண்ணில் ஒரு சொட்டு வராது. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, ஏன் நீ மட்டும் அழவில்லை என்று கேட்டேன். "நான் அழுதா பாட்டு நின்னு போகும்டி" என்றார். பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வரியின் கடைசி எழுத்தை மேலேயிருந்து கீழே இழுக்கணும், ஆனால் தரையில் இறக்கிவிடக் கூடாது. மூச்சு மிச்சமிருக்கும்போதே விட்டுவிடணும். அந்த மிச்சத்தைக் கேட்கிறவள் அழுது முடிப்பாள். இதுதான் அவர் சொன்னது. நீங்கள் எழுதிய திருவையாற்று வயலினும் அதைத்தான் செய்திருக்கிறது, மிச்சத்தை முடிக்கிறவர் பக்கமிருந்து.

அப்பத்தாவுக்கு இன்னொரு காது உண்டு. தெருமுனையில் நின்றபடியே, உள்ளே அழுகிறவளில் யார் உண்மையாக அழுகிறாள், யார் ஊருக்காக அழுகிறாள் என்று சொல்வார். "அவ இழுக்கிற இடத்துல மூச்சு வாங்குது பாரு, அது வயித்து அழுகை. இவளுக்கு வாய் அழுகை." நாங்கள் உள்ளே போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பாடிப் பாடி வந்த காது அது.

அவருடைய சொந்தத் தம்பி செத்தபோதும் அவர்தான் ஒப்பாரி வைத்தார். ராத்திரி முழுக்கப் பாடினார், கண் கலங்கவில்லை. ஊரில் ஒன்றிரண்டு பேர் கல்நெஞ்சு என்றுகூடப் பேசினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பின்வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். கொட்டையை எடுத்து ஒரு பக்கம், தோலை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே வாய்க்குள் எதையோ முனகினார். வார்த்தை இல்லை, வெறும் இழுப்பு மட்டும். இழுத்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். புளிக் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். நான் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவருக்குப் பதினாறு நாள் ஆனது. உங்களுக்கு எத்தனை நாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்து வயலின்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உசிலம்பட்டித் தங்கச்சிக்கு முதலில்: உங்கள் அப்பத்தா சொன்னதை என் டீச்சரிடம் சொன்னேன். அவர் வயலினை மடியில் வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் என்னை அந்த இறக்கத்தை வாசிக்கச் சொன்னார். பஞ்சமத்தில் போய் நிற்காமல், வில் மிச்சமிருக்கும்போதே எடுக்கச் சொன்னார். பத்துத் தடவையில் ஒரு தடவை வந்தது. அவர் தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தாள். 78 வயது. அந்தக் கேசட்டை அம்மாவை உட்கார வைத்து முழுதாகப் போட்டுக் காட்டியதே இல்லை, அவளுக்குச் சங்கீதத்தில் ஆர்வம் கிடையாது என்று நாங்களாகவே முடிவு செய்து வைத்திருந்தோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எட்டாவது நிமிடத்தில் அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் காத்திருந்தேன்.

மூன்றாவது நிமிடத்தில் அந்த இருமல் வந்தது. அம்மாவின் கை நின்றுவிட்டது.

"இது உங்க அப்பா" என்றாள்.

அந்தக் கச்சேரிக்கு அவரும்தான் போயிருந்தாராம், டேப் பிடித்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். மார்கழிப் பனி, மப்ளர் எடுத்துப்போகச் சொல்லியும் கேட்காமல் போனாராம். வயலின் மேல் ஷட்ஜத்துக்கு ஏறி, நின்று, இறங்கிப் போனதெல்லாம் அம்மாவுக்குத் தெரியவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதை இன்னொரு தடவை போடு" என்றாள்.

நான் எப்போதும் எட்டாவது நிமிடத்துக்கு ஓட்டிவிட்டுத்தான் கேட்பேன். இப்போது மூன்றாவது நிமிடத்திலிருந்து போடுகிறேன்.